அழிக்கக் கூடாத போஸ்ட்

மடியில் கிடந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஷெர்லின் குனியவில்லை. குனியாமலே தெரியும், யார் அனுப்பியது என்று. இரண்டு பெஞ்சுக்கு முன்னால், ஜன்னலோரம், முத்துப்பேச்சி டெஸ்குக்கு அடியில் கையை ஒளித்து என்னமோ தட்டினாள், தட்டி முடித்து நிமிர்ந்தாள், அவள் நிமிரவும் இங்கே அதிரவும் சரியாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எம்.எஸ்ஸி. புள்ளியியல் ஒன்றும் படிக்க வேண்டியதில்லை. பேச்சிக்குத்தான் தெரியாது, தான் கெஞ்சுகிற ஆள் தன் முதுகுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று. காலையிலிருந்து இது நாலாவது. முதலில் வந்தது, ‘அட்மின் அண்ணா, அந்தப் போஸ்ட்ட எடுத்துருங்க ப்ளீஸ்.’ அண்ணாவாம். இந்த டிபார்ட்மென்டில் அத்தனை பேருக்கும் அது ஒரு பையன்தான் என்று நினைப்பு, ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு கொழுப்பு இருக்காது என்று ஒரு நம்பிக்கை. இரண்டாவது, ‘அதுல போட்டிருக்கது பொய்ண்ணா.’ மூன்றாவதில் வார்த்தையே இல்லை, கும்பிடுகிற கை மட்டும், ஐந்து. நாலாவதைப் பார்க்காதே, பார்த்து என்ன செய்யப் போகிறாய், பேசாமல் போர்டைப் பார், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே துப்பட்டாவை விலக்கிப் பார்த்தாள். ‘எங்க அப்பா டி.சி. வாங்க வந்துட்டாங்க. வெளியதான் இருக்காங்க.’ போர்டில் தங்கராஜ் சார் ஒரு பெரிய வட்டம் போட்டு அதற்குள் சின்னச் சின்னதாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று நாற்பது.

டி.சி. என்றால் போயே போய்விடுவாள். புளியங்குடிக்குப் போய் வீட்டுக்குள் உட்காருவாள், இரண்டு மாசத்தில் யாராவது ஒருத்தனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள், அவ்வளவுதான், முதல் ரேங்க்காவது ஒன்றாவது. ஷெர்லின் பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். எடுத்துவிட்டால் என்ன? மூன்று புள்ளியைத் தொட்டு, டெலீட்டைத் தொட்டு, நிச்சயமாகவா என்று கேட்கும், ஆமாம் என்றால் முடிந்தது. மூன்று நொடி வேலை. அங்கேதான் அனிஷா அக்கா குறுக்கே வந்து நிற்பாள். போன வருஷம் ஃபேர்வெல் அன்றைக்கு, எல்லாரும் சேலை கட்டி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, அனிஷா அக்கா இவளைக் கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். ‘இந்த பேஜ் எனக்கு எங்க சீனியர் குடுத்தது, அவங்களுக்கு அவங்க சீனியர் குடுத்தது, இப்ப உனக்கு’ என்று காதில் பாஸ்வேர்டைச் சொன்னாள். என்னவோ குலசாமி கோவில் சாவியை ஒப்படைக்கிற மாதிரி ஒரு முகம் அவளுக்கு. யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் எழுதி அனுப்பலாம், அட்மின் பொறுக்கி எடுத்து வண்ண அட்டையில் வைத்துப் போட வேண்டும், இதுதான் பேஜ். காதலைச் சொல்லுவார்கள், மெஸ் சாம்பாரைத் திட்டுவார்கள், எவனாவது எவளையாவது குத்திக் காட்டுவான். ‘யாருகிட்டயும் நீதான்னு சொல்லாத. பேரு போட்டு எதையும் விடாத, ஜாடை மட்டும் போதும். மூணாவது, போட்டத அழிக்கவே அழிக்காத, கேட்டியா? அழிச்சேன்னா அது உண்மைன்னு ஆயிரும். ஏன் அழிச்சாங்க, யாரு சொல்லி அழிச்சாங்கன்னு அன்னைக்கே ஆரம்பிச்சுருவாங்க. கிடக்கட்டும், நாலு நாள்ல வேற ஒண்ணு வரும், மறந்துருவாங்க.’ இதுவும் நியாயமாகத்தான் பட்டது அன்றைக்கு. இன்றைக்கும் நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சல். இப்போது எடுத்தால், பார்த்தியா, சாரே மிரட்டி எடுக்க வைத்துவிட்டார் என்று ஆகும். எடுக்காவிட்டால் அவள் போவாள். எடுத்தாலும் ஏற்கனவே வெளியே போனது போனதுதானே, ஸ்க்ரீன்ஷாட் எடுக்காத பிள்ளை எது இந்தக் காலத்தில், அப்புறம் எடுத்து என்ன, எடுக்காமல் என்ன. ஆனால் அவள் போவாளே.

‘சாம்பிள எடுக்கதுல உங்க கை உள்ள போயிரக் கூடாது, புரியுதா?’ என்றார் சார். ‘உங்களுக்குப் புடிச்சத எடுத்துட்டு, ஊரே இப்படித்தான்னு சொல்லப் புடாது.’ எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டினதில் பாதிப் பேருக்குக் கட்டைவிரல் டெஸ்குக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களைச் சொல்லி என்ன, போன திங்கட்கிழமை காலை ஷெர்லினின் கட்டைவிரலும் அப்படித்தான் ஓடியது. பஸ்ஸில், நின்றுகொண்டு, ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வந்து கிடந்த முப்பதில் பன்னிரண்டைத் தட்டிவிட்டாள். அவசரத்தில் இதுவும் போய்விட்டது, படிக்கவில்லை, சத்தியமாகப் படிக்கவில்லை. மூன்று நாளாக இதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ‘செகண்ட் இயர் ஸ்டாட்ஸ்ல முதல் ரேங்க் எப்படி வாங்கணும்? ராத்திரி பகலா படிக்க வேண்டாம். சாரோட பைக்ல பஸ் ஸ்டாப் வரைக்கும் போனா போதும்.’ படிக்காமலா இது வரிக்கு வரி மனப்பாடமாக இருக்கிறது? சரி, மேலோட்டமாகப் பார்த்தாள். மேலோட்டமாகப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்ததே, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாளே, அது? சிரிப்பு சும்மா வந்தது, அது வேடிக்கையாக எழுதியிருந்தது, யாரைப் பற்றி என்று தோன்றவில்லை. தோன்றவில்லையா? அட வெட்கங்கெட்ட மனசே. அட்டைக்கு என்ன கலர் வைக்கலாம் என்று நாலு கலர் மாற்றிப் பார்த்தாளே. முதலில் ஊதா வைத்தாள், எழுத்து எடுபடவில்லை என்று பச்சை, அப்புறம் ரோஸ், கடைசியில் மஞ்சள். நாலு கலர் மாற்றுகிற வரைக்கும் கண் மூடியா இருந்தது? மஞ்சள்தான் கண்ணைப் பறிக்கும், லைக் வரும் என்று வைத்தாள். வந்தது. பத்து மணிக்குள் முன்னூறு, சாயங்காலத்துக்குள் ஆயிரத்து இருநூறு. அன்றைக்கு மதியம் சோற்றில் கவனமே இல்லை அவளுக்கு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் ஏறியிருந்தது. பேச்சி அப்போது எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து, ‘ஏட்டி, எலுமிச்ச சோறு, எடுத்துக்க’ என்று நீட்டினாள். எடுத்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது.

அதிலும் அந்த பைக். கேட்டால் சிரிப்பீர்கள், இல்லை, காறித் துப்புவீர்கள். அந்த பைக்கில் பேச்சியை ஏற்றிவிட்டதே ஷெர்லின்தான். மழை அன்றைக்கு, சாயங்காலம் ஐந்தேகால், புளியங்குடிக்கு நேரே போகிற பஸ் ஐந்தரைக்கு, அதை விட்டால் ஏழு மணிக்கு. தங்கராஜ் சார் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு ஐம்பத்தாறு வயசு, மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, கிளாஸில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஷெர்லின்தான் போய், ‘சார், இவள பஸ் ஸ்டாப்புல விட்டுருதீங்களா?’ என்று கேட்டாள். பேச்சி, ‘வேண்டாம்ட்டி, ஒருமாதிரி இருக்கு’ என்று பின்வாங்கினாள். ‘என்னத்த ஒருமாதிரி? ஏறிப் போட்டி, லூசு’ என்று முதுகில் கையை வைத்துத் தள்ளினவள் இவள். அந்தக் கையில்தான் இப்போது பேனா திறந்து திறந்து மூடுகிறது. அன்றைக்கு வண்டி ஷெட்டில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தில் யாரோ பார்த்திருக்கிறான், ரிசல்ட் ஒட்டின அன்றைக்கு எழுதி அனுப்பியிருக்கிறான். எவனோ ஒருத்தன் எழுதினான். எழுதினது அவன், நான் எழுதவில்லை. போட்டது நான். ஆனால் எழுதினது நான் இல்லை. இதையும் மூன்று நாளாகச் சொல்லிப் பார்க்கிறாள், ஒரு வாய் தண்ணீருக்குக்கூட உதவவில்லை. நான்கு மார்க். நான்கே நான்கு மார்க்கில் பேச்சி முதலிலும் இவள் இரண்டாவதிலுமாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. ஷெர்லின் கட்டிப் பிடித்து, ‘ட்ரீட் எப்ப?’ என்று கேட்டாள், சந்தோஷமாகத்தான் கேட்டாள், ஆனால் கட்டிப் பிடித்திருந்தபோதே ஒரு எரிச்சல் நெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் நிஜம். பொறாமைதான், வேறென்ன, அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம்.

கௌசிகா முழங்கையால் இடித்தாள். பெஞ்சில் பக்கத்து ஆள். ‘ஏட்டி, வெளிய பாரு, பேச்சி அப்பாவாம். பாவம்ட்டி.’ ஷெர்லின் பார்க்கவில்லை. ‘அந்த அட்மின் மட்டும் யாருன்னு தெரிஞ்சா செருப்பக் கழத்தி அடிக்கணும்ட்டி’ என்றாள் கௌசிகா, பல்லைக் கடித்து. அடுத்த மூச்சில், ‘ஆனா செமயா போடுதான், இல்ல? நேத்து போட்டது பாத்தியா, மெஸ் பூரி?’ என்று சிரித்தாள். செமயா போடுதான். அதைக் கேட்டதும் ஷெர்லினுக்கு உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் இனித்தது. இந்த நிலைமையிலும் இனிக்கிறதே! இந்த டிபார்ட்மென்டில் ஷெர்லின் என்றால் யாருக்குத் தெரியும்? சத்தமாகப் பேசாத பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற பிள்ளை, ரெக்கார்டு நோட் கேட்டால் கொடுக்கிற பிள்ளை. ஆனால் அவள் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாயிரம் பேர் அன்றைக்கு அதைத்தான் பேசுவார்கள். கேன்டீனில் டீ வாங்க நிற்கும்போது முன்னால் நிற்கிறவர்கள் இவள் காலையில் போட்டதைச் சொல்லிச் சிரிப்பார்கள், இவள் பின்னால் நின்று, ‘அப்படியா?’ என்று கேட்பாள். அது ஒரு போதை. ஊருக்கே தெரியாமல் ஊரை ஆட்டிவைக்கிற போதை. தெரிந்துவிட்டால்? செருப்பு கிடக்கட்டும். நாளைக்கு இவளைப் பற்றியே ஒரு மஞ்சள் அட்டை வரும், வேறு எந்தப் பேஜிலாவது, அதில் அத்தனை பேரும் சிரித்து வைப்பார்கள். அம்மா பார்ப்பாள். அம்மாவும் இப்போது போன் வைத்திருக்கிறாள்.

அடுத்து என்ன நினைப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். வராந்தா பெஞ்சில் ஒரு மனிதர் நுனியில் உட்கார்ந்திருந்தார். முழுசாக உட்கார யாரோ தடை போட்ட மாதிரி, கால் இரண்டும் சேர்ந்து, மடியில் ஒரு கட்டைப் பை. அவர் கையில் ஒரு வெள்ளைத் தாள், நாலு தடவை படித்துவிட்டு அஞ்சாவது தடவை படித்துக்கொண்டிருந்தார். டி.சி.க்கு எழுதின விண்ணப்பம். எச்.ஓ.டி. மேடம் மீட்டிங் முடிந்து பன்னிரண்டரைக்கு வருவார்கள், வந்ததும் கையெழுத்து. எலுமிச்சை மண்டியில் மூட்டை ஏற்றுகிறவர் என்று பேச்சி சொல்லியிருக்கிறாள், வேலை முடிந்து எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் அப்பா மேல் எலுமிச்சை வாசம்தான் வரும் என்று. பேச்சி எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலமும் ஒன்று சொன்னாள். ‘ஷெர்லின், எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசுதியா? நீதான அன்னைக்கு ஏத்திவிட்ட. நீ சொன்னா நம்புவாங்க.’ அந்த மெஸேஜை ஷெர்லின் திறக்கவில்லை. திறந்தால் நீலக் குறி விழும், விழுந்தால் பதில் சொல்ல வேண்டும். மேலிருந்து இழுத்து, நோட்டிஃபிகேஷனிலேயே வாசித்துவிட்டு, வாசிக்காத மாதிரி வைத்துக்கொண்டாள். இன்னும் திறக்காமல்தான் கிடக்கிறது. காலையில் கிளாஸுக்கு வந்ததும் பேச்சி கேட்கவுமில்லை, பார்க்கலையாட்டி என்று. போன் சார்ஜ் இல்லை போல என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பாள், அவள் குணம் அப்படி. இந்தப் பக்கம் ஷெர்லினிடம் பதில் இல்லாமல்தான் அந்தப் பக்கம் அட்மினிடம் கெஞ்சுகிறாள், பைத்தியக்காரி, இரண்டு கதவைத் தட்டுகிறாள், இரண்டுக்கும் ஒரே ஆள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிற்கிறாள். மணி பன்னிரண்டு பதினைந்து. ஷெர்லினுக்கு உட்கார முடியவில்லை. ‘சார், அஞ்சு நிமிஷம்’ என்று எழுந்தாள். சார் சாக்பீஸால் கதவைக் காட்டினார்.

ரெஸ்ட்ரூம் பக்கம் வேகமாக நடந்துவிடலாம் என்றுதான் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ‘யம்மா, கொஞ்சம் நில்லு தாயி’ என்றார் அவர். நின்றாள். எலுமிச்சை வாசம் வரத்தான் செய்தது. ‘நம்ம பேச்சி கிளாஸ் பிள்ளையாம்மா நீ?’ ‘ஆமாப்பா.’ ‘இந்த எழவு போன்ல ஒண்ண அழிக்கணும், எனக்குப் பிடிபட மாட்டேங்கு. என் தம்பி மவன் அனுப்பிவச்சான்’ என்று நீட்டினார். மஞ்சள் அட்டை. விரிசல் விட்ட கண்ணாடிக்குள்ளிருந்தும் பளிச்சென்று இருந்தது. ஷெர்லின் அதை வாங்கினாள், அழித்தாள், திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இப்ப எல்லார் போன்லயும் போயிருக்கும், இல்லியா?’ என்று கேட்டார். அவர் முகத்தில் ஒரு ஆசை இருந்தது. ‘இல்லப்பா, உங்க போன்ல மட்டுந்தான்.’ ‘அப்ப ஊர்ல உள்ளவன் போன்ல?’ ‘இருக்கும்.’ ‘மொதல்ல போட்ட எடத்துல?’ ‘அது போட்டவங்கதான்பா எடுக்கணும்.’ அவர் போனைக் கட்டைப் பைக்குள் போட்டார். ‘அந்தப் பய யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா? நான் அடிக்கல்லாம் மாட்டேன். சண்ட போடவும் வரல. தெரிஞ்சா கால்ல விழுந்தாவது எடுத்துரச் சொல்லிருவேன். எம்பிள்ள படிக்கட்டும்னுதான் எனக்கும் ஆச, வீட்டுல நாலு பேரு நாலு விதமாப் பேசுதான், தாங்க மாட்டேங்கு.’ கௌசிகாவின் செருப்பைக் கூட நினைத்துப் பார்த்துவிட்டவள், அந்த நரைத்த தலை தன் காலில் குனிவதை நினைத்துப் பார்க்க முடியாமல் தன் போனை எடுத்தாள். பேஜைத் திறந்தாள். மூன்று புள்ளி. டெலீட். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம்.

‘எடுத்தாச்சுப்பா’ என்றாள். ‘போட்ட இடத்துலயே எடுத்தாச்சு. ஊர்ல இருக்கது இருக்கும், ஆனா இனி புதுசா யாரும் பாக்க முடியாது.’ அவர் நம்பாமல் பார்த்தார். ‘அப்புறம், அது பொய்ப்பா. அன்னைக்கு மழை. பஸ் போயிரும்னு நான்தான் சார்கிட்ட கேட்டேன். அவ மாட்டேன்னா, நான்தான் பிடிச்சுத் தள்ளி ஏத்திவிட்டேன். சாருக்குப் பேரப்பிள்ள இருக்குப்பா.’ ‘நீதான் ஷெர்லினா?’ என்றார் அவர். எழுந்தே நின்றுவிட்டார். ‘நேத்து பூரா உன் பேரத்தான சொல்லிட்டுக் கிடந்தா! அவகிட்ட கேளுங்க, அவகிட்ட கேளுங்கன்னு. நாந்தான் வாய்க்கு வந்த ஒரு பேரச் சொல்லுதான்னு நெனச்சேன். ஒரு அடி வேற அடிச்சுப்புட்டேம்மா.’ கண்ணைத் துடைத்தார். கையிலிருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார், இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். ஷெர்லினுக்கு ஒரு கணம் மனசு லேசாகிப் போனது. முடிந்தது, அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது, இப்படியே நடந்து போய்விட்டால் இனி ஒருநாளும் அந்தப் பேஜைத் திறக்க மாட்டேன், கர்த்தரே, இந்த ஒரு தடவை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

பிள்ளைகள் கலகலவென்று வெளியே வந்தார்கள். பேச்சி கடைசியாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவள் அப்பா அவளுக்கு எதிரே போய், ‘எல்லாம் போயிட்டு பேச்சி, டி.சி.யும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்’ என்றார், மண்டியில் பேசுகிற சத்தத்தில். ‘இந்தப் பிள்ள சும்மா போன எடுத்து ரெண்டு தட்டுத் தட்டுச்சு, போட்ட எடத்துலேயே எடுத்துருச்சு! என் கண்ணு முன்னால! பாரு, உன் போன்ல பாரு.’ பேச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அவள் போனைத் திறந்து பார்த்தாள், பேஜில் மெஸ் பூரி இருந்தது, அதற்குக் கீழே எவ்வளவு தள்ளிப் பார்த்தும் அந்த மஞ்சள் அட்டை இல்லை. அட்மினைத் தவிர வேறு ஒரு ஆள் அதை எடுக்க முடியாது என்பது அந்த வளாகத்தில் முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். பேச்சி தலையைத் தூக்கினாள். ‘நீயாட்டி?’ என்றாள், ரொம்பச் சின்னக் குரலில். ஷெர்லின் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்கு ஒரு வார்த்தையும் தயாராக இருந்தது, என் கசின் ஒருத்தனுக்கு அந்த அட்மினைத் தெரியும் என்று. ‘ஆமா’ என்றாள். ‘அவதாங்கேன், திரும்பத் திரும்பக் கேக்கா’ என்றார் அப்பா. ‘இப்படி ஒரு கூட்டாளி இருக்கயில உனக்கென்ன கவல? நிக்கதப் பாரு, ஒரு தேங்ஸாவது சொல்லு பிள்ளைக்கு.’ பேச்சி அப்பாவைப் பார்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு அவர் சிரிக்கிறார். சட்டைப் பைக்குள் அந்தத் தாள் மடிந்து கிடந்தது. உதட்டைக் கடித்தாள், விட்டாள்.

‘தேங்க்ஸ் ஷெர்லின்’ என்றாள்.

‘வாங்க, சாப்பிடப் போவோம், வயிறு காயுது’ என்று அப்பா கட்டைப் பையைத் தோளில் மாட்டினார். இரண்டடி போய் நின்று திரும்பி, ‘ஏம்மா, நிக்க? நீயும் வா தாயி’ என்றார்.

‘அவ வர மாட்டாப்பா’ என்றாள் பேச்சி.